மனச்சோர்வால் படிப்பு நின்றுபோனால்: சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகன் உயர்நிலை மூன்றில் படித்தபோது ஒரு திங்கட்கிழமை காலை, சீருடையைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தான். காலுறை கையிலேயே இருந்தது. ஏழு மணி ஆயிற்று, எட்டும் ஆயிற்று, அவன் எழுந்திருக்கவில்லை. திட்டினேன். மறுநாளும் அதே கதைதான். மூன்றாவது வாரம் சீருடையைக்கூட எடுக்கவில்லை. மொத்தம் ஏழு மாதம் வீட்டிலேயே இருந்தான். இன்று பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். கூடப் படிப்பவர்களைவிட நாலைந்து வயது மூத்தவன்.

நடுவில் இருந்த அந்த ஆண்டுகளில் யாராவது வரிசையாகச் சொல்லித் தரமாட்டார்களா என்று நான் ஏங்கிய விவரங்கள்தான் இவை. நான் மருத்துவரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. ஆனால் ஒரு வரிசை உண்டு என்பதை அடிபட்டுக் கற்றுக்கொண்டேன்: முதலில் உடம்பு, அடுத்தது பதிவேட்டில் பெயர், பிறகு அன்றாடம், கடைசியில்தான் பாடம். நான் அதைத் தலைகீழாகச் செய்து நாலு மாதத்தை வீணாக்கினேன்.

எல்லாவற்றுக்கும் முன்பு

பிள்ளை "இருக்கவே பிடிக்கல", "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்ற மாதிரி பேசினால், மீதிக் கட்டுரையை அப்புறம் படியுங்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பிள்ளைக்கு வாய் திறக்க ஒரு வழிதான் கிடைக்கும். சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767 எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். தேசிய மனநல உதவி எண் 1771. மனநலக் கழகத்தின் அவசர எண் 6389 2222. உயிருக்கு ஆபத்து கண்ணெதிரே இருந்தால் 995.

போலிஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து தயங்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தற்கொலை முயற்சி இங்கே 2020 முதல் குற்றமே இல்லை. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

முதல் படி: மருத்துவரிடம் போகும் வழி

வழிகள் பல உண்டு. எது சீக்கிரம் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளி ஆலோசகர்தான் பக்கத்தில் இருக்கும் ஆள். கல்வி அமைச்சின் ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவராவது இருக்கிறார். தேவைப்பட்டால் அவர் மூலமாகவே ‘ரீச்’ குழுவுக்கு அனுப்புவார்கள். பள்ளி மாணவர்களுக்கென்று 2007-இல் தொடங்கிய சமூக மனநலக் குழு அது. 16 முதல் 30 வயதுவரை உள்ளவர்கள் ‘சேட்’ சேவையில் இலவசமாக மனநல மதிப்பீடு செய்துகொள்ளலாம். இரண்டும் வேண்டாம் என்றால் வீட்டுக்குப் பக்கத்துப் பலதுறை மருந்தகத்துக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் சலுகைக் கட்டணம். நேரே தனியார் மனநல மருத்துவரிடம் போனால் காத்திருப்பு குறையலாம், ஆனால் செலவு பல மடங்கு. கடும் மனச்சோர்வுச் சிகிச்சைக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தலாம். பெற்றோரின் மெடிசேவிலிருந்தும் எடுக்கலாம். இது எனக்குத் தெரியவே ஓர் ஆண்டு ஆயிற்று.

முதல் சந்திப்புக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்குத் தூங்குகிறான், எப்போது எழுகிறான், சாப்பாடு எப்படி, எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, கடைசியாக எப்போது நண்பர்களோடு வெளியே போனான். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் நமக்கு அழுகைதான் வரும், விவரம் வராது. இன்னொன்று. பதின்ம வயதில் மனச்சோர்வு எப்போதும் சோகமாகத் தெரியாது. எரிச்சலாக, கதவை அறைந்து சாத்துவதாக, விடிய விடியக் கைப்பேசியாகத் தெரியும். எங்கள் வீட்டில் அதற்குத் "திமிர்" என்று பெயர் வைத்திருந்தோம்.

மருந்து கொடுத்தால், பலன் தெரியவே இரண்டு முதல் ஆறு வாரம்வரை ஆகலாம். தொடக்க வாரங்களில் பதற்றமோ சாகும் எண்ணமோ கூடுகிறதா என்று கூடவே இருந்து பார்த்து, அப்படி இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். "இப்ப நல்லாத்தானே இருக்கான்" என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

என் மாமியார் கோயிலில் அர்ச்சனை செய்தார், திருஷ்டி கழித்தார். நானும் கூடவே நின்றேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அர்ச்சனைக்கு அடுத்த நாளே மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். நாங்கள் இரண்டு மாதம் காத்திருந்தோம்.

"ரெக்கார்டு ஆயிடுமே, நாளைக்கு வேலை கிடைக்குமா?" என்று என் அண்ணன் கேட்டார். நிறையப் பேர் கேட்கும் கேள்விதான். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தில், வேலையிடப் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்புத் தரப்படும் அம்சங்களில் மனநலப் பிரச்சினையும் ஒன்று. சிகிச்சை இல்லாமல் கழியும் ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் எதிர்காலத்தைக் கடித்துத் தின்கிறது. சிகிச்சை அப்படிச் செய்வதில்லை.

இரண்டாம் படி: பெயரை வெட்டிவிடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சண்டையிலோ சலிப்பிலோ பள்ளியிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுக்காதீர்கள். சட்டப்படி கட்டாயக் கல்வி தொடக்கப் பள்ளிக்கு மட்டும்தான். உயர்நிலைப் பள்ளியில் பெயரை எடுத்துவிட்டால் பிள்ளையைத் தேடி வரவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பெயர் இருக்கும்வரை ஆலோசகர் இருக்கிறார், வகுப்பாசிரியர் இருக்கிறார், உதவித்தொகை இருக்கிறது, திரும்ப ஒரு மேசை நாற்காலி இருக்கிறது.

மாணவர் அனுமதி அட்டையில் படிக்கும் பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். பள்ளியை விட்டால் அந்த அட்டையையும் ரத்துசெய்ய வேண்டும். புதிதாகக் குடிவந்த குடும்பங்கள் எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடுமுன் பள்ளியோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பள்ளிக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். தொலைபேசியில் பேசியது காற்றோடு போய்விடும். வகுப்பாசிரியர், அந்த நிலைக்குப் பொறுப்பான ஆண்டுத் தலைவர், ஆலோசகர் மூவருக்கும் சேர்த்து அனுப்புங்கள். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"என் மகன் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்று வருகிறான். மருத்துவச் சான்றிதழை இணைத்திருக்கிறேன். அவன் பள்ளியை விட்டு விலகவில்லை. உடல்நிலை தேறியதும் திரும்பி வருவான். அதற்கு எப்படி ஏற்பாடு செய்யலாம் என்று பேச ஒரு நேரம் தாருங்கள்."

நோயின் பெயரை எழுதுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையோடு பேசி முடிவுசெய்யுங்கள். நான் அவனைக் கேட்காமல் எழுதிவிட்டேன். பிறகு தெரிந்து அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவன் கோபம் நியாயம்தான்.

சந்திப்பில் என்ன கேட்கலாம்? அரைநாள் வருவது, முதல் பாடவேளைக்கு வராமல் இருப்பது, இணைப்பாட நடவடிக்கையிலிருந்து கொஞ்ச நாள் விடுப்பு, வகுப்புத் தேர்வுகளிலிருந்து விலக்கு, ஒன்றிரண்டு பாடங்களைக் குறைப்பது, அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு படிப்பது. எல்லாவற்றுக்கும் சரி சொல்லமாட்டார்கள், ஆனால் கேட்காதது நிச்சயம் கிடைக்காது. எங்களுக்கு வாய்த்த ஓர் ஆசிரியர், பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டே "சோம்பேறித்தனத்துக்கு இப்போது ஒரு பெயர் வந்துவிட்டது" என்றார். அன்று எழுந்து வந்துவிடலாம் என்று தோன்றியது. என் கணவர்தான் அமைதியாக, "சார், ஆலோசகரையும் கூப்பிட்டு இன்னொரு நாள் பேசலாமா?" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் என் மகனின் இடத்தைக் காப்பாற்றியது.

மூன்றாம் படி: புத்தகத்துக்கு முன் பகல்

நான் செய்த பெரிய தவறு இங்கேதான். "வீட்லதானே இருக்கான், பாடமாவது விட்டுப்போகக் கூடாது" என்று கணக்குக்கும் அறிவியலுக்கும் துணைப்பாட ஆசிரியரை வீட்டுக்கு வரவழைத்தேன். அவன் எதிரே உட்கார்ந்திருப்பான், ஒரு வரியும் உள்ளே போகாது. மனச்சோர்வு முதலில் பறிப்பது கவனத்தை. கடைசியில் திருப்பித் தருவதும் அதைத்தான். முகம் தெளிந்து, சிரிப்பு வந்து, சாப்பாடு இறங்கிய பிறகும் பல மாதங்கள் கவனம் மட்டும் சிதறியே இருக்கலாம். பிள்ளை நடிக்கிறான் என்று அப்போது நினைத்துவிடாதீர்கள்.

முதலில் பகலைப் பகலாக்குங்கள். எழும் நேரத்தைத் தினமும் அரை மணி முன்னால் கொண்டுவர முயலவேண்டாம். வாரத்துக்கு அரை மணி போதும். எழுந்ததும் வெளிச்சம் படவேண்டும். நாங்கள் வைத்த முதல் இலக்கு, மின்தூக்கியில் இறங்கிக் கீழ்த்தளத்தில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வருவது. அடுத்தது எதிர்ப் புளோக்கில் இருக்கும் கடையில் ரொட்டி வாங்குவது. அப்புறம் நூலகம், அதுவும் கூட்டமில்லாத வாரநாள் காலையில். அங்கே போய் அவன் கார்ப்பந்தயப் பத்திரிகைதான் பார்த்தான். பார்க்கட்டும் என்று விட்டேன்.

பாடம் தொடங்கும்போது பத்து நிமிடம். கடிகாரம் வைத்துப் பத்தே நிமிடம். நன்றாகப் போகிறதே என்று நீட்டாதீர்கள். "இன்னும் கொஞ்சம்" என்ற ஆசையில் மறுநாளையும் சேர்த்து இழப்போம். பிடித்த பாடத்திலிருந்து தொடங்குங்கள். விட்டுப்போன பாடத்தை எல்லாம் முதலிலிருந்து பிடிக்க நினைக்கவேண்டாம், அந்த மலையைப் பார்த்தாலே பிள்ளை திரும்பப் படுத்துவிடும்.

நான்காம் படி: பள்ளி வாசலுக்குத் திரும்புதல்

முழுநாள், முழுவாரம் என்று ஒரே தாவலில் திரும்பிய பிள்ளைகள் பலர் இரண்டாவது வாரம் மறுபடி விழுவதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஆலோசகர் போட்டுத்தந்த திட்டம் இப்படி: முதல் வாரம் ஆலோசகர் அறைக்கு மட்டும், ஒரு மணி நேரம், வகுப்பெல்லாம் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில். இரண்டாம் வாரம் பிடித்த ஒரு பாடம். பிறகு ஓய்வுவேளைவரை. முழுநாளுக்கு வர ஒன்பது வாரம் ஆயிற்று. வகுப்பில் மூச்சு முட்டினால் யாரிடமும் விளக்கம் சொல்லாமல் எழுந்து போக ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அவன் அதை மூன்று முறைதான் பயன்படுத்தினான். ஆனால் அது சட்டைப்பையில் இருந்ததால்தான் மற்ற நாள்களில் உட்கார முடிந்தது என்று பிறகு சொன்னான்.

"எங்கடா போயிருந்தே?" என்று நண்பர்கள் கேட்பார்கள். பதிலை வீட்டிலேயே தயார்செய்யுங்கள். "உடம்பு சரியில்லாம இருந்தேன், இப்ப பரவால்ல." அவ்வளவு போதும். உறவினர்களுக்கும் அதே பதில்தான். தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே எந்தப் பள்ளி, எத்தனை மதிப்பெண் என்று ஆரம்பிப்பார்கள். பிள்ளையைப் பதில் சொல்ல விடாமல் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் போக முடியாமல் போகும். அது நடக்கத்தான் செய்யும். மறுநாள் ஒரு மணி நேரமாவது பள்ளிக்குள் கால் வைப்பது என்பதை மட்டும் விடாப்பிடியாகக் கடைப்பிடியுங்கள். ஒரு நாள் மூன்று நாளாகி, மூன்று நாள் மூன்று வாரமாவது எங்கள் வீட்டில் இரண்டு முறை நடந்தது.

ஐந்தாம் படி: தேர்வு

தேசியத் தேர்வுக்குக் கூடுதல் நேரம், தனி அறை போன்ற சிறப்பு ஏற்பாடுகளைச் சிங்கப்பூர் தேர்வு, மதிப்பீட்டுக் கழகத்திடம் கேட்கலாம். மருத்துவ அறிக்கை வேண்டும், பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்; ஆகஸ்ட்டில் ஞாபகம் வந்தால் பயனில்லை. தேர்வு நாளன்றே உடல்நிலை மோசமாகிப் போக முடியாவிட்டால், அன்றைய தேதியிட்ட மருத்துவச் சான்றிதழோடு சிறப்புப் பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். அன்றே மருத்துவரிடம் போகவேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

இப்போதைய முறையில் நம் பிள்ளைகளுக்குச் சாதகமான ஒன்று உண்டு. 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல், விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்ற மூன்று நிலைகளில் ஒன்றில் படிக்கிறார்கள். 2027 முதல் ‘ஓ’ நிலை, ‘என்’ நிலைத் தேர்வுகளுக்குப் பதிலாகச் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் என்ற ஒரே சான்றிதழ்தான். ஒரு பாடம் மூச்சுத் திணற வைக்கிறது என்றால் அந்தப் பாடத்தை மட்டும் ஒரு நிலை இறக்கிப் படிக்க முடியுமா என்று பள்ளியில் கேளுங்கள். என் மகன் காலத்தில் ஒன்றில் தளர்ந்தால் மொத்தமாகவே பிரிவு மாறவேண்டி வந்தது.

ஆறாம் படி: அந்தப் பள்ளிக்கே திரும்ப முடியாவிட்டால்

சில பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடமே ஆகாது. வேறு வழிகள் உண்டு.

தனித் தேர்வராகப் பதிந்து தேர்வு எழுதலாம். பதிவு ஆண்டின் முற்பகுதியிலேயே நடந்து முடிந்துவிடும். செய்முறைத் தேர்வுள்ள அறிவியல் பாடங்களுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு, அவற்றை முதலில் பார்த்துவிட்டுப் பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஆண்டில் எல்லாப் பாடத்தையும் எழுதவேண்டும் என்று இல்லை. ஆனால் தினமும் எழுந்து போக ஓர் இடம் இல்லாத பிள்ளைக்கு இது கடினமான வழி என்பது என் கருத்து. நோயை வளர்ப்பது தனிமைதானே. தொடக்கக் கல்லூரிப் படிப்பு நடுவில் அறுந்தவர்கள் மில்லெனியா கல்வி நிலையத்தைப் பற்றி விசாரியுங்கள். அதே ‘ஏ’ நிலைப் படிப்பு அங்கே மூன்று ஆண்டு.

இப்போது தொழில்நுட்பக் கல்விக் கழகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிறது. அதன் ஆங்கிலச் சுருக்கமான ஐடிஇ என்ற எழுத்துகளை ‘இட்ஸ் தி எண்ட்’ (இதோடு முடிந்தது) என்று விரித்துக் கேலி செய்வார்கள். என் வீட்டிலும் அழுகை நடந்தது, அழுதது நான்தான். மகனுக்கு அங்கே போனபிறகுதான் உயிர் வந்தது. ஆறு மணி நேரம் நாற்காலியில் உட்கார முடியாதவன், பட்டறையில் நின்று இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டும்போது நேரம் போவதே தெரியாமல் இருந்தான். கை வேலை செய்யும்போது கவனமும் கூடவே திரும்பி வந்தது.

ஆங் மோ கியோ, சீமெய், சுவா சூ காங் மூன்று இடங்களிலும் கல்லூரி வளாகங்கள் இருக்கின்றன. முன்பு நைட்டெக் சான்றிதழ், பிறகு அதற்கு மேல்நிலையான ஹையர் நைட்டெக் என்று இரண்டு கட்டமாகப் படித்தார்கள்; இப்போது மூன்றே ஆண்டில் நேராக ஹையர் நைட்டெக் பெறும்படி பாடத்திட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். அங்கிருந்து நல்ல தேர்ச்சியோடு பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போகலாம். தொடர்புள்ள படிப்பாக இருந்தால் சிலருக்கு நேரே இரண்டாம் ஆண்டிலேயே இடம் கிடைக்கிறது. தேர்வு முடிவு வருமுன்பே ஆர்வத்தையும் திறனையும் பார்த்து இடம் கொடுக்கும் முன்கூட்டிய சேர்க்கைத் திட்டமும் உண்டு. தேர்வு அறையில் உறைந்துபோகும் பிள்ளைக்கு நேர்காணலில் பேச வாய்ப்புக் கிடைப்பது பெரிய விஷயம், அதை விட்டுவிடாதீர்கள். நிபந்தனையாகக் கேட்கும் குறைந்தபட்சத் தேர்ச்சியை மட்டும் எட்டவேண்டும்.

ஆண் பிள்ளைகளுக்கு: தேசிய சேவை

இதைத் தள்ளிப்போட்டால் சிக்கல். முழுநேரப் படிப்புக்குச் சேவையை ஒத்திவைக்கலாம், ஆனால் எந்தப் படிப்பை எந்த வயதுக்குள் தொடங்கவேண்டும் என்று வரம்பு இருக்கிறது. ஓர் ஆண்டு வீட்டில் இருந்த பிள்ளைக்கு அந்த வரம்பு நெருங்கி வந்துவிடும். படிப்பு நிலை மாறும்போதெல்லாம், தேசிய சேவைப் பதிவைக் கவனிக்கும் அலுவலகமான சிஎம்பிபிக்குத் தெரிவியுங்கள். மருத்துவப் பரிசோதனையில் மனச்சோர்வை மறைக்காமல் மருத்துவர் அறிக்கையோடு சொல்லச் சொல்லுங்கள். மறைத்துவிட்டுப் போனால் பயிற்சி முகாமில் மருந்தைக்கூட ஒளித்துச் சாப்பிடவேண்டி வரும். என் மகன் ஐடிஇ முடித்துவிட்டுச் சேவைக்குப் போனான். அவன் சொன்னதை வைத்து அவனுக்கேற்ற பணியில் போட்டார்கள்.

பணம்

கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்துக்குப் பள்ளி அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். 1991 முதல் இயங்கும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா, குறைந்த கட்டணத் துணைப்பாட வகுப்புகள், உதவித்தொகை, குடும்பங்களுக்கு ஆலோசனை எல்லாம் தருகிறது. பீட்டி ரோட்டில் இருக்கும் அவர்களுடைய அலுவலகத்துக்கு நேரே போய்ப் பேசலாம், தமிழில் பேசலாம். வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்திலும் காசில்லாமல் ஆலோசனை கிடைக்கும். அங்கே நான் எனக்காகவே போனேன். மகன் தேறுவதற்குள் நான் விழுந்துவிடுவேனோ என்ற நிலை வந்தபோது.

ஒரு கோப்பு

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஐந்து வெள்ளிக்கு ஒரு கோப்பு வாங்கி, எல்லாத் தாளையும் அதில் போட்டுவையுங்கள்: மருத்துவச் சான்றிதழ்கள், பரிந்துரைக் கடிதம், பள்ளிக்கு அனுப்பிய மின்னஞ்சல்களின் நகல், தேர்வு முடிவுகள், எந்த மாத்திரை எந்தத் தேதியில் தொடங்கியது என்ற குறிப்பு. தேர்வுக் கழகம் கேட்கும், ஐடிஇ கேட்கும், சிஎம்பிபி கேட்கும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேடுவது பெரிய சித்திரவதை.

எங்கள் கோப்பு பச்சை நிறம். போன ஆண்டு பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேரும்போது, அங்கே சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கான ஆதரவு அலுவலகம் இருக்கிறது என்று அவனே கண்டுபிடித்தான். மேசையில் கோப்பைத் திறந்து, எந்தத் தாளைக் காட்டுவது, எதை வீட்டிலேயே வைப்பது என்று அரை மணி நேரம் பிரித்தான். நான் எட்டிப் பார்த்தேன். "நான் பாத்துக்கறேம்மா" என்றான். இரண்டு தாளை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.